பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

ஊட்டி மலை ரயிலில் முதன்முறை ஏறும் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எஞ்சின் ஏன் பின்னாடி இருக்கு?" மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி சுமாருக்கு ரயில் புறப்படும்போது பெட்டிகள் மலையைப் பார்த்து நிற்கின்றன. எஞ்சினோ கடைசியில் நின்று புகை விடுகிறது. நமக்குத் தெரிந்த ரயில்களில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். இங்கே பின்னால் நின்று முட்டித் தள்ளுகிறது.

கொஞ்சம் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு கேள்விகள் எழும். எஞ்சினின் பக்கவாட்டில் சக்கரங்களைச் சுழற்றும் இரும்புத் தண்டுகள் இரண்டு தொகுதிகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கீழ்த்தண்டுகள் மட்டுமே ஓடுகின்றன, மேல்தண்டுகள் சும்மா கிடக்கின்றன. கல்லாறு தாண்டியதும் அவையும் உயிர்பெற்று, கீழ்த்தண்டுகளுக்கு நேரெதிர்த் திசையில், ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சுழலத் தொடங்குகின்றன. அடுத்தது, குன்னூர் வந்ததும் இந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். எளிதான மேல்பாதிக்கு நவீன டீசல், கடினமான கீழ்ப்பாதிக்கு நூறாண்டுப் பழைய நீராவி. இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

மூன்று கேள்விகளுக்கும் விடை, ரயில்வே கணக்கில் 'எக்ஸ் வகுப்பு' என்று பதிவாகியிருக்கும் அந்த எஞ்சினுக்குள் இருக்கிறது.

வழுவழுப்பான சக்கரம் எப்படி இழுக்கும்?

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரும்புச் சக்கரம் வழுவழுப்பாக இருக்கிறது, இரும்புத் தண்டவாளமும் வழுவழுப்பாக இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் எப்படி நூற்றுக்கணக்கான டன்களை இழுக்கின்றன?

இந்தச் சந்தேகம் ரயில் பிறந்த காலத்திலேயே இருந்தது. 1812-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மிடில்டன் நிலக்கரிப் பாதையில் ஓடிய எஞ்சின்களுக்கு ஜான் பிளெங்கின்சாப் பல் வைத்த சக்கரம் பொருத்தினார். தண்டவாளத்தின் பக்கவாட்டிலும் பற்களை வார்த்தார். மலையே இல்லாத ஊரில் பற்சக்கரம். பாரமான வண்டியை வெறும் சக்கரம் இழுக்காது என்பது அன்றைய அச்சம். அடுத்த ஆண்டே வில்லியம் ஹெட்லி செய்த சோதனைகள் அந்த அச்சம் தேவையற்றது என்று காட்டின. சமவெளியில் எஞ்சினின் சொந்த எடையே போதும். அந்த எடை சக்கரத்தைத் தண்டவாளத்தின்மேல் அழுத்துகிறது. அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் இழுக்கும் வலு. இதை நாம் 'பிடிமானம்' என்போம்.

காய்ந்த தண்டவாளத்தில் பிடிமானம் சக்கரத்தின் மேலுள்ள எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சாரல், பனி, நசுங்கிய இலைச்சாறு இவை படிந்த தண்டவாளத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் இறங்கிவிடலாம். இந்த இரண்டு பின்னங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நீலகிரி எஞ்சினின் பிறப்புக்கான காரணம் முழுவதும் அவற்றில் அடங்கிவிடுகிறது.

கல்லாறில் ஒரு கணக்கு

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,203 மீட்டரில். இரண்டுக்கும் இடையே 46 கிலோமீட்டர் ரயில் பாதை, 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். ஆனால் ஏற்றம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. கல்லாறு வரை ஏறக்குறைய சமதரை. கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான சுமார் 20 கிலோமீட்டரில் பாதை ஏறக்குறைய 1,300 மீட்டர் ஏறிவிடுகிறது. குன்னூருக்கு மேலே ஏற்றம் மறுபடியும் தணிகிறது.

அந்த 20 கிலோமீட்டரின் மிகச் செங்குத்தான இடத்தில், பன்னிரண்டரை மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுகிறோம். காரில் போகிறவருக்கு இது பெரிய ஏற்றமாகத் தெரியாது. ரயிலுக்கு இது கிட்டத்தட்டச் சுவர்.

கணக்கு எளிதாக இருப்பதற்காக, எஞ்சினும் பெட்டிகளும் பயணிகளும் சேர்ந்து 100 டன் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற சரிவில் அந்த 100 டன்னில் 8 டன் சரிவின் போக்கிலேயே கீழ்நோக்கி இழுக்கும். வளைவுகளில் சக்கர விளிம்பு உரசுவது, அச்சுகளின் உராய்வு எல்லாவற்றுக்கும் இன்னொரு டன் சேர்த்துக்கொள்வோம். ரயில் நகர வேண்டுமானால் எஞ்சின் 9 டன் விசையோடு தள்ள வேண்டும்.

எஞ்சினிடம் என்ன இருக்கிறது? எட்டுச் சக்கரங்கள் தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுச் சேர்ந்து சுழல்கின்றன. அவற்றின் மேல் 40 டன் எடை இறங்குகிறது என்று கொண்டால், காய்ந்த நாளில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 10 டன் பிடிமானம் கிடைக்கும். தேவை 9 டன். மயிரிழையில் தப்பிக்கிறோம்.

இப்போது அந்தச் சரிவிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தின் பக்கம் மேகம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் ஈரம். 40 டன்னில் பத்தில் ஒரு பங்கு 4 டன். தேவை அதே 9 டன். 5 டன் பற்றாக்குறை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், ரயில் பின்னோக்கி வழுக்கும். எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டினாலும் பயனில்லை, சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். இங்கே குறைவது வலு அன்று, பிடி.

எஞ்சினின் எடையைக் கூட்டலாமே என்று தோன்றும். கூட்டினால் மேலே தூக்க வேண்டிய எடையும் கூடவே கூடுகிறது. சரிவு கூடக் கூட எஞ்சின் தன்னைத்தானே தூக்கிக்கொள்வதிலேயே பெரும்பங்கு வலுவைச் செலவிடும். எடையைக் கூட்டித் தீர்க்க முடியாத சிக்கல் இது. வெளியிலிருந்து ஒரு பிடி வேண்டும்.

பல் வைத்த சட்டம்

பிளெங்கின்சாப் சமவெளியில் தேவையில்லாமல் வைத்த பல், மலையில் தன் உண்மையான இடத்தைக் கண்டுபிடித்தது. ஐரோப்பாவின் முதல் பற்சட்ட மலை ரயிலைச் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் 1871-இல் ஓடவிட்டவர் நிக்லாஸ் ரிகன்பாக். தண்டவாளங்களுக்கு நடுவே ஏணியைப் படுக்கவைத்த மாதிரி ஒரு சட்டம். எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அந்த ஏணியின் படிகளில் பல்லை மாட்டி மாட்டி ஏறும்.

நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற பேச்சு 1854-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மலையைப் பார்த்தவர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். 1882-இல் ரிகன்பாக்கே இங்கு வந்து பாதையைப் பார்த்து மதிப்பீடு கொடுத்தார். பணம் திரளாமல் ஆண்டுகள் கழிந்தன. 1891 ஆகஸ்டில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்தார். வேலையை எடுத்த கம்பெனி அதை முடிக்கும் முன்பே நொடித்துப்போனது. இன்னொரு கம்பெனி எடுத்து முடிக்க, 1899 ஜூன் மாதம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறக்கப்பட்டது. அங்கிருந்து உதகமண்டலம் சேர 1908 அக்டோபர் ஆகிவிட்டது. முதல் பேச்சுக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையே 54 ஆண்டுகள்.

தாமதத்தால் ஒரு நன்மை விளைந்தது. இடைப்பட்ட காலத்தில் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர், குருவின் முறையை மேம்படுத்தி 1882-இல் புதிய பற்சட்டம் ஒன்றை உருவாக்கியிருந்தார். ரிகன்பாக்கின் ஏணியில் ஒரே வரிசைப் படிகள். பற்சக்கரத்தின் ஒரு பல் விலகி அடுத்த பல் மாட்டும் அந்தக் கணத்தில் ஒரு குலுக்கல் இருக்கும். ஆப்ட் இரண்டு தட்டையான சட்டங்களை அருகருகே வைத்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி அமைத்தார். எஞ்சினின் பற்சக்கரமும் அதேபோல இரட்டை.

தென்னை ஏறுபவரைக் கவனித்திருப்பீர்கள். கை பற்றியிருக்கும்போது கால் மேலே போகும். கால் ஊன்றிய பிறகுதான் கை பிடியை மாற்றும். பிடியே இல்லாத கணம் என்று ஒன்று வருவதில்லை. ஆப்டின் இரட்டைச் சட்டம் செய்வதும் இதுதான். ஒரு சட்டத்தில் பல் விலகும் நேரத்தில் மற்றதில் பல் ஆழமாக மாட்டியிருக்கும். ஓட்டம் சீராகிறது, பற்களின் மேல் விழும் அடி குறைகிறது, தேய்மானமும் குறைகிறது. நீலகிரியில் இன்றுவரை இருப்பது இந்த ஆப்ட் சட்டம்தான்.

கல்லாறைத் தாண்டியதும் சட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டத்தின் நுழைவாய்த் துண்டை வில்சுருளின் மேல் வைத்திருக்கிறார்கள். பற்சக்கரத்தின் பல், சட்டத்தின் பல்லுக்கு நேராக வந்து முட்டினாலும் அந்தத் துண்டு கீழே அமுங்கி இடம் கொடுக்கும், பல் பொருந்தியதும் மேலெழும். டிரைவரும் பற்சக்கரத்தை முன்கூட்டியே மெல்லச் சுழலவிட்டு, ஊர்ந்துதான் சட்டத்துக்குள் நுழைவார். இரும்போடு இரும்பு மோதாமல் பல்லைக் கோக்கும் இந்தக் கைப்பக்குவம் புத்தகத்தில் படித்து வருவதில்லை.

விண்டர்தூரிலிருந்து பதினேழு

முதலில் இங்கே ஓடியவை மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி செய்த எஞ்சின்கள். பாதை ஊட்டி வரை நீண்டு, கூட்டமும் சரக்கும் பெருகியபோது அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போது பாதையை நடத்திய தென்னிந்திய ரயில்வே, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த எஞ்சின் தொழிற்சாலையை நாடியது. எஸ்.எல்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலைக்குப் பற்சக்கர எஞ்சின்கள்தான் தனிப்பெருமை.

எக்ஸ் வகுப்பு எஞ்சின்களில் 12, 1914 முதல் 1925 வரை தவணை தவணையாக வந்தன. விடுதலைக்குப் பிறகு, 1952-இல் இன்னும் 5 வந்தன. மொத்தம் 17. உலகம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் நகர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், புதிய இந்தியா நாற்பதாண்டுப் பழைய வடிவமைப்பில் ஐந்து நீராவி எஞ்சின்களை வாங்கியது எனக்கு மிகவும் பொருள்பொதிந்ததாகப் படுகிறது. அந்தச் சரிவுக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் கடையில் இல்லை என்பதைத்தான் அந்தக் கொள்முதல் சொல்கிறது.

சுமார் 50 டன் எடை, எட்டு இயக்கு சக்கரங்கள், கடைசியில் இரண்டு சிறு சக்கரங்கள். எஞ்சினின் வயிற்றுக்கடியில், வெளியே தெரியாமல் பற்சக்கரங்கள். தண்ணீர்த் தொட்டி எஞ்சினின் உடலோடேயே சேர்ந்தது, தனி வண்டி கிடையாது. தொட்டியின் எடையும் சக்கரத்தின்மேல் விழட்டும், பிடிமானம் கூடட்டும் என்பதே இதன் உள்நோக்கம்.

ஒரு மூச்சு நீராவியின் பயணம்

இனி மேல்தண்டுகளின் மர்மத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிலிண்டர்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ச் சிலிண்டர்கள் தண்டவாளச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேல் சிலிண்டர்கள் ஒரு பல்லிணைப்பின் வழியே பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஒரே வண்டிக்குள் இரண்டு எஞ்சின்கள் என்றே சொல்லலாம்.

ஆப்ட் முறையின் தொடக்ககால எஞ்சின்களில் இந்த இரண்டுக்கும் பாய்லரிலிருந்து தனித்தனியே நீராவி கொடுத்தார்கள். செங்குத்தான ஏற்றத்தில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் புது நீராவி கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன பாய்லர் திணறியது. விண்டர்தூர் பொறியாளர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். நீராவியை ஒருமுறை பயன்படுத்தி ஏன் வீணாக வெளியே விட வேண்டும்?

பாய்லரிலிருந்து ஒரு மூச்சு நீராவி புறப்படுகிறது என்று கற்பனை செய்யுங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் அதனிடம் இருக்கிறது. முதலில் அது கீழ்ச் சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, தண்டவாளச் சக்கரம் சுழல்கிறது. தள்ளித் தள்ளி விரிந்ததில் அதன் அழுத்தம் குறைந்துவிட்டது, ஆனால் தீர்ந்துவிடவில்லை. சமதரையில் ஓடும்போது அந்த மீதியோடு அது நேராகப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். மேல்தண்டுகள் அதனால்தான் கல்லாறு வரை அசையாமல் கிடக்கின்றன.

பற்சட்டத்துக்குள் நுழைந்ததும் டிரைவர் ஒரு வால்வைத் திருப்புகிறார். கீழ்ச் சிலிண்டரிலிருந்து வெளிவரும் நீராவிக்குப் புகைபோக்கியின் வழி அடைபடுகிறது. அது ஓர் இடைக்குழாய் வழியாக மேல் சிலிண்டருக்குப் போகிறது. அங்கே இன்னொரு பிஸ்டனைத் தள்ளி, பற்சக்கரத்தைச் சுழற்றி, தன் வலுவை முழுவதும் கொடுத்துவிட்ட பிறகே புகைபோக்கிக்குப் போகிறது. ஒரே மூச்சு நீராவி, இரண்டு வேலை. கூடுதல் நிலக்கரி எரிக்காமலே கூடுதல் வலு. இப்படி நீராவியைப் படிப்படியாக விரியவிடும் எஞ்சினைக் 'கூட்டு விரிவு எஞ்சின்' என்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் வர வேண்டும். அழுத்தம் குறைந்த நீராவி அதிக இடத்தை அடைக்கும். ஆகவே கூட்டு விரிவு எஞ்சின்களில் இரண்டாவது சிலிண்டர் முதலாவதைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். மீட்டர் கேஜ் எஞ்சினின் ஒடுங்கிய உடலில், குகைச் சுவருக்கும் எஞ்சினுக்கும் இடையே அத்தனை பெரிய சிலிண்டருக்கு எங்கே இடம்? எக்ஸ் வகுப்பில் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் மேல் சிலிண்டருக்கும் பற்சக்கரத்துக்கும் இடையேயுள்ள பல்லிணைப்பால், மேல் பிஸ்டன் கீழ்ப் பிஸ்டனைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு முறை நிரம்பிக் காலியாகிறது என்றால் அந்தச் சிலிண்டர் இரண்டு மடங்கு பெரியது என்பதற்குச் சமம். இடத்தால் தர முடியாததை வேகத்தால் தந்திருக்கிறார்கள்.

எதிர்த்திசை ஏன் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஒன்றோடொன்று பல் கோத்த இரண்டு சக்கரங்களில் ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகத்தான் சுற்றும். பற்சக்கரம் ரயிலை மேலே தள்ளும் திசையில் சுழல வேண்டுமானால், அதை ஓட்டும் மேல்தண்டு அதற்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும்.

வழுக்கினால் தானே திருத்திக்கொள்ளும்

இந்த அமைப்பின் உண்மையான மேதைமை மழை நாளில் வெளிப்படுகிறது. ஹில்குரோவ் மேகத்துக்கு மறுபடி போவோம்.

ஈரத்தில் தண்டவாளச் சக்கரங்கள் வழுக்கிச் சுழலத் தொடங்குகின்றன. கீழ்ப் பிஸ்டன்கள் திடீரென வேகமெடுக்கின்றன. நீராவியை வேகவேகமாக விழுங்கி இடைக்குழாய்க்குள் தள்ளுகின்றன. மேல் பிஸ்டன்களோ பற்சக்கரத்தோடு பிணைந்தவை. பற்சக்கரம் சட்டத்தில் மாட்டியிருப்பதால் வழுக்கவே முடியாது. ரயிலின் வேகம் என்னவோ அதற்கேற்ற அளவு நீராவியைத்தான் அவை ஏற்கும். வரத்து அதிகம், செலவு குறைவு. இடைக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது.

ஏறிய அழுத்தம் இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. ஒரு பக்கம் கீழ்ப் பிஸ்டன்களின் முதுகில் எதிர்த்து அழுத்தி அவற்றின் வலுவைக் குறைக்கிறது, வழுக்கல் தணிகிறது. மறுபக்கம் மேல் பிஸ்டன்களை இன்னும் பலமாகத் தள்ளுகிறது, பற்சக்கரம் கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்கிறது. நம் கணக்கில் விழுந்த அந்த 5 டன் பற்றாக்குறையைப் பற்சட்டம் வாங்கிக்கொள்கிறது. யாரும் எதையும் திருப்பவில்லை. கணினி இல்லை, உணர்கருவி இல்லை. ஒரு குழாய் மட்டும் இருக்கிறது.

இன்றைய மின்சார எஞ்சின்களில் வழுக்கலைக் கட்டுப்படுத்தத் தனி மின்னணுச் சாதனம் வைக்கிறார்கள். அந்த வேலையை 1914-ஆம் ஆண்டு எஞ்சின் வெறும் குழாயமைப்பாலேயே செய்து முடித்தது என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

தண்ணீரும் நெருப்பும்

100 டன்னை 1,300 மீட்டர் உயர்த்த எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மின்வாரியக் கணக்கில் சொன்னால் சுமார் 350 யூனிட். நினைத்ததைவிடக் குறைவுதான். ஆனால் நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி புகையோடு போய்விடும். ஆகவே ஏற்றத்துக்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரி ஆகிறது. அந்த ஒரு டன் எரிந்தால் சுமார் ஆறு டன் தண்ணீர் ஆவியாகும். உடலோடு ஒட்டிய சிறு தொட்டியால் அவ்வளவு தண்ணீரைச் சுமக்க முடியாது. அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு நிலையங்களில் ரயில் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்வது இதனால்தான். நாம் டீ குடிக்க இறங்கும் நேரம் உண்மையில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரம். தொட்டி வற்றினால் சக்கரத்தின் மேலுள்ள எடையும் குறைந்து பிடிமானம் இளகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்மேனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சரிவில் எஞ்சினே சாய்ந்து நிற்பதால் பாய்லருக்குள் தண்ணீரும் ஒரு பக்கமாகச் சாயும். நெருப்புப் பெட்டியின் கூரை எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அது வெளியே தெரிந்துவிட்டால் சூட்டில் இளகி, பாய்லரே வெடிக்கும். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே, சரிவுக்குத் தக்கபடி அதை மனத்துக்குள் திருத்திப் படித்துக்கொண்டே, மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

இறங்குவதுதான் கடினம்

ஏற்றத்தில் எஞ்சின் தோற்றால் ரயில் நின்றுபோகும். இறக்கத்தில் தோற்றால் உயிர்கள் போகும். மேலேற்றச் செலவிட்ட அந்த 350 யூனிட் ஆற்றலும் இறங்கும்போது திரும்பி வருகிறது. அத்தனையையும் வெப்பமாக்கி வெளியே விட்டாக வேண்டும். பிரேக் கட்டைகளை மட்டுமே நம்பினால் 20 கிலோமீட்டர் தொடர்ந்து தேய்த்ததில் அவை பழுத்துவிடும்.

இதற்கும் வழி கண்டவர் ரிகன்பாக்தான். அவருடைய எதிரழுத்த பிரேக் சிலிண்டரையே பிரேக்காக மாற்றுகிறது. நீராவியை நிறுத்திவிட்டு, சக்கரங்கள் உருளும் வேகத்தில் பிஸ்டன்கள் வெளிக்காற்றை உள்ளே இழுத்து அழுத்தும்படி விடுவார்கள். காற்றை அழுத்துவதில் பிஸ்டனின் வலு கரைந்து ரயில் கட்டுப்படும். அழுத்தத்தால் சிலிண்டர் சூடேறாதிருக்கச் சிறிது தண்ணீரை உள்ளே விடுவார்கள். அது ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும். இதுபோக எஞ்சினிலும் பெட்டிகளிலும் கை பிரேக், வெற்றிட பிரேக், பற்சக்கரத்தின் மேலேயே அழுத்தும் பிரேக். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, எஞ்சினின் ஊதலைக் கேட்டுத் தன் பெட்டியின் பிரேக்கைத் திருகுவார். மழையிலும் பனியிலும் திறந்த முகப்பில் நின்று வேலை பார்க்கும் அவர்களைப் பயணிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முன்னால் எஞ்சின் இல்லாததால் ஏற்றத்தில் பாதையைப் பார்க்கும் கண்களும் அவர்களுடையவைதான்.

குழந்தைகளின் கேள்விக்கு விடையும் இப்போது தெளிவாகும். எஞ்சின் மேலே நின்று இழுத்தால், இணைப்பு ஒன்று அறுந்ததும் பெட்டிகள் கீழே ஓடிவிடும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நின்றால், எந்த இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் அதன்மேல்தான் சாயும். எஞ்சினோ பல்லைச் சட்டத்தில் பதித்து நிற்கிறது. ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால் என்று நமக்குத் தோன்றினாலும், எஞ்சினைப் பொறுத்தவரை அதன் இடம் மாறவே இல்லை.

பொன்மலையில் மறுபிறப்பு

குன்னூருக்கு மேலே அதிகபட்ச ஏற்றம் 25-க்கு ஒன்றுதான். பற்சட்டம் தேவையில்லை, சாதாரண மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினே போதும். கீழ்ப்பாதியில் ஏற அந்த டீசலுக்குப் பற்சக்கரம் இல்லை. உலகில் பற்சக்கர டீசலும் மின்சார எஞ்சினும் இருக்கின்றன, செய்ய முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் நின்ற நிலையிலிருந்தே முழு வலுவோடு தள்ளத் தொடங்குவது நீராவியின் இயல்பு. மெதுவாக, பாரமாக ஏறும் வேலைக்கு அது பிறவியிலேயே பொருந்திய எந்திரம். சுவிட்சர்லாந்திலேயே பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலைப்பாதைக்கு 1990-களில் அதே விண்டர்தூர் தொழிற்சாலை புத்தம் புதிய நீராவிப் பற்சக்கர எஞ்சின்களைச் செய்து கொடுத்தது.

எக்ஸ் வகுப்பின் உறவினர்கள் வியட்நாமின் தா லாட் மலைப்பாதையிலும் ஓடினார்கள், அதே தொழிற்சாலை, அதே கூட்டு விரிவு அமைப்பு. போரில் அந்தப் பாதை சிதைந்தது. துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை 1990-இல் சுவிஸ் ஆர்வலர்கள் விலைக்கு வாங்கித் தங்கள் ஃபுர்க்கா மலைப்பாதைக்குக் கொண்டுபோனார்கள். நீலகிரி எஞ்சின்களுக்கு அந்தக் கதி நேரவில்லை, காரணம் திருச்சி பொன்மலை.

1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம்பெயர்ந்த ரயில்வே தொழிற்சாலை, இந்த எஞ்சின்களை மீண்டும் மீண்டும் பிரித்துக் கோத்து உயிரோடு வைத்திருக்கிறது. நல்ல நிலக்கரி கிடைப்பது அரிதானபோது, புகைபோக்கிப் பொறியால் காட்டுத் தீ பிடிக்கும் அச்சமும் இருந்தபோது, 2002-இல் ஓர் எஞ்சினை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். பிறகு அதைவிடப் பெரிய வேலையில் இறங்கினார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையே எண்ணெயில் எரியும் நான்கு எக்ஸ் வகுப்பு எஞ்சின்களை அவர்களே புதிதாகச் செய்தார்கள். 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் எரியும் புது எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. மேலே கீழே நான்கு சிலிண்டர், இடைக்குழாய், பற்சக்கரம் எல்லாம் அப்படியே.

2005-இல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாலத்தையும் குகையையும் நிலையங்களையும் பட்டியலில் எழுதிவிடலாம். பல்லைச் சட்டத்தில் குலுங்காமல் கோப்பது எப்படி, மேகம் இறங்கிய சரிவில் வால்வை எவ்வளவு திறப்பது, சாய்ந்த பாய்லரில் நீர்மட்டத்தை எப்படிப் படிப்பது, இவை குன்னூர் ஷெட்டிலும் பொன்மலையிலும் வேலை பார்க்கும் சிலரின் கைகளில் இருக்கின்றன. அவர்கள் ஓய்வுபெறும் முன் அவர்களை உட்காரவைத்து, கேட்டு, படம் வரைந்து, தமிழிலேயே ஒரு கையேடாக எழுதிவைக்க வேண்டும். ரயில்வே இதைச் செய்ய வேண்டும். செய்யத் தாமதித்தால் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறையை இதற்கு ஒதுக்கலாம்.